எட்டும் நாலும்

அத்தியாயம் 14

அந்த வீட்டில் இப்போது மூன்று பேர்தான். நாலாவது ஆள் போய் ஏழு வாரம் ஆகிறது.

தொடர்ந்து வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷன் செய்துகொள்வதா, மருந்திலேயே ஓட்டுவதா என்று முடிவெடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு தாளும் இரண்டு வார அவகாசமும் கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரமும் மகள் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தாள். மகன் தொலைதூர பஸ் ஓட்டுகிறவன், அவன் என்றைக்கு வீட்டில் இருந்தான்? போனில்தான் கத்தினான், ஆபரேஷன் பண்ணிடுங்கப்பா என்று. அப்பா மருந்து போதும் என்று கையெழுத்துப் போட்டார். ஒன்பதாவது வாரம் அம்மா போய்விட்டாள். மகன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினான்.

போன வாரம் மகள் அம்மாவின் அலமாரியை ஒழித்தாள். மடித்த போர்வைகளுக்கு நடுவில் அந்தத் தாள் இருந்தது.

தாளின் மேல் பாதியில் நூறு சின்ன மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதில் எட்டுப் பேர் கறுப்பு. ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறவர்கள். கீழ்ப் பாதியில் இருபது சின்ன மனிதர்கள். மருந்து மட்டும் எடுப்பவர்கள். அதில் நாலு பேர் கறுப்பு.

ஒவ்வொரு கறுப்பு ஆளின் தலையிலும் பென்சிலால் ஒரு டிக். மேலே ஓரத்தில் '8'. கீழே ஓரத்தில் '4'. நாலைச் சுற்றி ஒரு வட்டம்.

நூற்றுக்கு எட்டையும் இருபதுக்கு நாலையும் பக்கத்தில் வைத்தால் எது ஆபத்து என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். இருபதுக்கு நாலு என்றால் நூற்றுக்கு இருபது. ஆனால் பென்சில் பிடித்த கை மொத்தத்தைப் பார்க்கவில்லை. கறுப்பை மட்டும் எண்ணியது. எட்டை விட நாலு குறைச்சல் என்று வட்டம் போட்டது.

அந்தத் தாளை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைந்தவள் மகள்தான். வீட்டில் அவளைப் படக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இனி வியாழக்கிழமை.

*

காலை ஏழரைக்குப் படக்காரியின் தம்பி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கண் இரண்டும் மிளகாய் மாதிரி சிவந்திருந்தன. நேரே போய்ப் படுத்துவிடுவான் என்று படக்காரி நினைத்தாள். அவன் சமையலறை வாசலில் நின்றான்.

அப்பா அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கண்ணாடிக் கால் என்னாச்சு?" என்றான் தம்பி.

யாரைக் கேட்கிறான் என்று அப்பாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"ஒடிஞ்சிடுச்சு."

"எப்ப?"

"அது ஆச்சு ஒரு வாரம்."

"மாத்த மாட்டீங்களா?"

"இன்னொரு கால் இருக்குல்லடா."

தம்பி சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்த மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு எனக்கு லீவு. கிளம்பி இருங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்படியே போனா டீயில சர்க்கரைக்குப் பதிலா சோடா உப்பைப் போடுவீங்க."

"போட்டாலும் நீ குடிப்பே. நாக்கு செத்த பய."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஏழு வாரத்தில் இந்த வீட்டில் நடந்த மிகப் பெரிய விஷயம் அதுதான். தம்பி டீயை நின்றபடியே குடித்தான், டம்ளரைக் கழுவி வைத்தான், உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். மூன்றாவது நிமிஷம் குறட்டை கேட்டது.

அப்பா அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். சந்தோஷத்தை வெளியே காட்டத் தெரியாத மனுஷன்.

படக்காரி மேஜையில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள். தாள் அவள் தோள்பைக்குள் இருந்தது. ஒரு வாரமாக அதைச் சுமந்துகொண்டு அலைகிறாள். அப்பா குளிர்கிடங்கில் முப்பத்தொரு வருஷம் எண்ணிக்கை பார்த்தவர். லாரி வந்து நின்றால் பெட்டிகளை எண்ணிச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டை யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆள் இருபதையும் நூறையும் எப்படிக் கோட்டை விட்டார்? பயம், என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். பெண்டாட்டி உயிர் என்று வந்துவிட்டால் கண் நேராகப் பார்க்காது. முப்பத்தொரு வருஷத் தொழில் அந்த இடத்தில் கைகொடுக்காது.

"ஏம்மா டீ ஆறுதே," என்றார் அப்பா.

"குடிக்கிறேன்பா."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஆபீஸ்ல ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்குக் கொஞ்சம் வேலை ஜாஸ்தி."

வேலை என்ன என்பதை அவள் சொல்லவில்லை. அதே தாளை ஐம்பதாயிரம் பிரதி அடிக்க அச்சகத்துக்கு இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுக்கிறார்கள். அதை நிறுத்த வேண்டும். அப்பாவுக்குத் தெரியாமல் நிறுத்த வேண்டும். அவர் சரியாகத்தான் முடிவெடுத்தோம் என்ற நினைப்பில் ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்பையும் உருவிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் அவருக்கு?

*

அவள் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஆறு மேஜை, ஒரு பெரிய பிரிண்டர், சுவர் முழுக்கப் படங்கள். கை கழுவும் முறை, குழந்தைக்கு எந்த மாதத்தில் எந்த ஊசி, நாய் கடித்தால் முதலில் செய்ய வேண்டியது. பல ஆஸ்பத்திரிகளுக்கும் இங்கேயிருந்துதான் விளக்கப்படம் போகும். மேடம் மட்டும் அதை இன்ஃபோகிராபிக் என்பார். மற்ற ஐந்து பேரும் 'படம்' என்றுதான் சொல்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேடம் அவளிடம் சொன்னது இது: "படிக்கத் தெரியாதவனுக்கு மட்டும் படம் போடறோம்னு நினைக்காதே. படிக்க முடியாதவனுக்கும் போடறோம். பயந்தவன், அழுறவன், கண்ணாடியை வீட்ல வெச்சிட்டு வந்தவன். அவன் ஒரு பார்வைதான் பார்ப்பான். அந்த ஒரு பார்வையில உண்மை அவன் மனசுல போய் உட்காரணும்."

நல்ல பேச்சுதான். அதைச் சொன்ன அதே மேடம்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், "கீழே ஆஸ்பத்திரி முத்திரை வரணும், போன் நம்பர் பெருசா வரணும், இடம் பண்ணு," என்றார். இடம் இல்லை. படக்காரி கீழே நின்ற நூறு பேரை இருபதாக்கினாள். இருபது கறுப்பை நாலாக்கினாள். விகிதம் ஒன்றுதான். அடியில் சின்ன எழுத்தில் '20 பேரில் 4 பேர்' என்றும் எழுதினாள். சரிபார்த்த மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். படிப்பு மிஞ்சிய ஆறு பேர் கூடிச் செய்த தப்பு அது. கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் அப்படிச் சுருக்கலாம் என்று தோன்றும்.

மேடத்தின் மேஜையில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையது ஒன்று. நேற்று உட்கார்ந்து புதிதாகப் போட்டது ஒன்று. மேலேயும் நூறு, கீழேயும் நூறு.

"முத்திரை எங்கே?" என்றார் மேடம்.

"பின்பக்கம் போட்டுட்டேன்."

"போன் நம்பர்?"

"அதுவும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இதோ பாரும்மா. நூத்துக்கு எட்டு, இருபதுக்கு நாலு. கணக்குல தப்பு இருக்கா?"

"இல்ல மேடம்."

"கீழ எழுதியிருக்கா இல்லையா?"

"எழுதியிருக்கு. யாரும் படிக்கல."

"யாரும்னா யாரு? உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில வாட்ச்மேன் அண்ணன்கிட்டக் காட்டினேன். எதைத் தேர்ந்தெடுப்பீங்கன்னு கேட்டேன். கீழதாம்மா, நாலு பேர்தானே போறாங்கன்னாரு. பெருக்குற அக்காவும் அதையேதான் சொன்னாங்க. மாடி ஏறி வர்றதுக்குள்ள ஏழு பேர்கிட்டக் கேட்டேன். அஞ்சு பேர் கீழ."

மேடம் பழைய தாளை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முதன்முறை பார்க்கிறவர் போல.

"நான்தான் இடம் பண்ணச் சொன்னேன்," என்றார் கடைசியில்.

"ஆமா மேடம்."

"அதை நான் மறைக்க மாட்டேன். குழுவுல சொல்றேன். மூணு மணிக்கு ஆய்வுக்குழு உட்காருது. ஆனா வெறுங்கையோட போனா கடிச்சுத் துப்பிடுவாங்க. ஒப்புதல் வாங்கின தாளை மாத்தணும்னா வாசகர் கூற்று வேணும். வாட்ச்மேன் கூற்று செல்லாது. இந்தத் தாளை வெச்சு நிஜமாவே முடிவெடுத்த ஆளு, நான் இப்படித் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொந்தக் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்படி ஒருத்தரை எங்கே போய்ப் பிடிப்பே?"

படக்காரி தோள்பையைத் திறந்தாள். மடிப்பு விழுந்த தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். டிக், டிக், டிக். எட்டு. நாலு. வட்டம்.

மேடம் நிமிர்ந்தார். "யாரோடது இது?"

"எங்கம்மாவோடது."

பக்கத்து மேஜையில் பிரிண்டர் ஒரு தாளை விழுங்கித் துப்பியது.

"அம்மா..." மேடம் கணக்குப் போட்டார். ஏழு வாரத்துக்கு முன்னால் அவரும் அந்த வீட்டுக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனவர்தான். "கையெழுத்துப் போட்டது?"

"அப்பா."

"அவருக்குத் தெரியுமா, தப்பா எண்ணினோம்னு?"

"தெரியாது."

மேடம் தாளை மடிப்புப்படியே மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நான் உன்னைப் போகச் சொல்லல. போக வேணாம்னும் சொல்ல மாட்டேன். மூணு மணி."

*

பஸ்ஸில் வரும்போது படக்காரி வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்தாள். அப்பா, ஒரு சின்ன கணக்கு. வேண்டாம். அப்பா, ஆபீஸ்ல ஒரு படிவம். அதுவும் வேண்டாம். அப்பா, நீங்க அம்மாவைக் கொன்னுட்டீங்க, நான்தான் அதுக்குப் படம் போட்டுக் குடுத்தேன். எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றது.

போகாமல் விட்டால்? ஐம்பதாயிரம் தாள் ஐம்பதாயிரம் வீட்டுக்குப் போகும். ஏழு பேரில் ஐந்து பேர். அவளுக்கு வகுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அப்பா சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒடிந்த கண்ணாடிக் காலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளறையில் குறட்டை.

"என்னம்மா பாதி நாள்ல?"

"மெதுவாப் பேசுங்கப்பா. அவன் எழுந்துடுவான்."

எதிரில் உட்கார்ந்தாள். பேசிப் பார்த்த வார்த்தை எதுவும் வரவில்லை. மடித்த தாளை எடுத்து விரித்து வைத்தாள். அதன் பக்கத்தில் புதிய தாளை வைத்தாள்.

அப்பா கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார். புதிய தாளை அவர் பார்த்தது எவ்வளவு நேரம்? இரண்டு மூச்சு.

"எட்டு. இருபது," என்றார்.

"ஆமாப்பா."

"இப்பதான் சரியாப் போட்டிருக்கே."

"அப்பா, அன்னிக்கு நீங்க கீழ நாலுன்னு..."

"நான் எங்கம்மா நாலுன்னேன்?" அவர் பழைய தாளில் விரல் வைத்தார். "இதைப் பாரு. இது டிக். நான் என்னிக்கு டிக் போட்டேன்? நான் கோடு போடுவேன், நாலு நேரா, அஞ்சாவது குறுக்க. முப்பத்தொரு வருஷம் அதான் போட்டேன். இது உங்கம்மா போட்டது."

படக்காரி குனிந்து அந்த டிக்குகளைப் பார்த்தாள்.

"பேனா கேட்டா. பென்சில்தான் இருந்துச்சு. இந்த நாற்காலியில உட்கார்ந்து எண்ணினா. எட்டு, நாலுன்னா. எனக்கு நாலு போதுங்க, நான் ஆபரேஷன் பண்ணிக்கலன்னா."

"நீங்க?"

"எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுது. மேல ஒரு லோடு, கீழ கால் லோடு கூட இல்ல. ரெண்டையும் பக்கத்துல வெச்சா எண்ணுவாங்க? மொத்தத்தைப் பாருடின்னேன். கீழ இருக்கறதை அஞ்சு மடங்கு பண்ணணும், இருபது வரும்னேன். எழுதியே காட்டினேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இது நம்ம படக்காரி போட்டதுன்னா."

"எப்படித் தெரியும்?"

"பொம்பளைங்க எல்லார் கையிலயும் ஒரு பை தொங்குது பாரு. உங்கம்மாதானே சொன்னா, கை சும்மா தொங்கினா பாவமா இருக்குடி, ஒரு பையைக் குடுன்னு? அதை வெச்சே கண்டுபிடிச்சுட்டா. அப்புறம் நான் சொல்றது எதுவும் ஏறல. எம்பொண்ணு ஏமாத்தற மாதிரி போட மாட்டா, கீழ கொஞ்சமாக் காட்டினா கொஞ்சமாத்தான் இருக்கும், நீங்க பெட்டி எண்ணின ஆளு, அவ படிச்சவன்னா."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மறுநாளும் சொன்னேன்மா. விடல நான். நெஞ்சைக் கீற விட மாட்டேன்னு அழுதா. அவளுக்குப் பயம். அந்தத் தாளு வர்ற வரைக்கும் ஒரு நாள் விடாம அழுதா. தாளு வந்தப்புறம்தான் தூங்கினா. நல்லாத் தூங்கினா. நான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். எழுப்பி, இல்லடி நீ எண்ணினது தப்புன்னு மூணாவது தடவை சொல்லியிருக்கணும். சொல்லல. போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். எண்ணிக்கை தப்புன்னு தெரிஞ்சே நான் போட்ட ஒரே கையெழுத்து அது."

"எங்ககிட்ட ஏம்பா சொல்லல?"

"உன்கிட்ட என்னன்னு சொல்றது? உன் படத்தை நம்பித்தான் போனான்னா?" அவர் குரலைத் தாழ்த்தி உள்ளறைப் பக்கம் பார்த்தார். "அவன்கிட்ட என்ன சொல்றது? உங்கம்மா பயந்துட்டாடான்னா? அவனுக்கு அவ தைரியசாலி. சின்ன வயசுல பாம்பை வெளக்குமாத்தால அடிச்சவ. அவன் மனசுல அவ அப்படியே இருக்கட்டும். என்மேல கோவம்னா கோவமாவே இருந்துட்டுப் போறான். எனக்கு என்ன வயசு, தாங்க மாட்டேனா?"

படக்காரிக்கு அழுகை வரவில்லை. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு கணக்கு வந்தது, தொழில் புத்தி. படிவத்தில் கேட்டிருப்பது தப்பாகப் புரிந்துகொண்டவரின் சொந்தக் கையெழுத்து. தப்பாகப் புரிந்துகொண்டவள் இப்போது உயிரோடு இல்லை. இருக்கிறவர் சரியாகப் புரிந்துகொண்டவர். அவர் நடந்ததை நடந்தபடி எழுதினால் குழு என்ன சொல்லும்? பாருங்க, ஒரு கிடங்கு ஆளுக்கே பார்த்ததும் புரிஞ்சிருக்கு, தாள்ல ஒரு குறையும் இல்ல. அச்சுக்கு அனுப்புங்க.

மறைக்காமல் அதை அவரிடம் சொன்னாள்.

அப்பா கேட்டுக்கொண்டார். "எத்தனை அடிக்கிறாங்க?"

"அம்பதாயிரம்."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சுக்கு. மூணு மணிக்குள்ள இதைக் குடுத்தா நிறுத்தலாம்."

"சரியா எண்ணினேன்னு எழுதினா?"

"நிக்காதுப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், நூல் சுற்றிய இடத்தைத் தடவினார், மறுபடி மாட்டினார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"பேனா குடு."

"அப்பா, வேண்டாம். வேற வழி..."

"வேற வழி இருந்தா நீ பாதி நாள்ல வீட்டுக்கு வந்திருக்க மாட்டே. குடும்மா."

அவள் கொடுத்தாள். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அதுதான் நடந்தது.

அப்பா ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினார். *நான் மேலே உள்ள கறுப்பு ஆட்களையும் கீழே உள்ள கறுப்பு ஆட்களையும் மட்டும் எண்ணினேன். மொத்தத்தைப் பார்க்கவில்லை. எட்டை விட நாலு குறைவு என்று நினைத்து, என் மனைவிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். நான் தப்பாக எண்ணினேன்.*

கடைசி வரியில் பேனா ஓர் இடத்தில் தாளைக் கிழித்தது. அதன் அடியில் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு வருஷம் லாரிச் சீட்டில் போட்ட அதே கையெழுத்து.

குறட்டை நின்று எவ்வளவு நேரமாகியிருந்தது என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

*

தம்பி பனியனோடு வாசலில் நின்றான். தலை கலைந்திருந்தது. "என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? நாளைக்குக் கடைக்குப் போறதைத் தள்ளி வெச்சிடாதீங்க, மூணு வாரத்துக்கு அப்புறம் இப்பதான் லீவு கிடைச்சிருக்கு."

தண்ணீர் குடிக்க மேஜைப் பக்கம் வந்தான். செம்பைத் தூக்கினான். கண் கீழே போயிற்று. ஓட்டுநர்களுக்கு எதையும் வேகமாகப் படித்துப் பழக்கம். படக்காரி கையை நீட்டுவதற்குள் படிவம் அவன் கையில் இருந்தது.

படித்தான். செம்பைக் கீழே வைத்தான். பழைய தாளை எடுத்தான். அதையும் பார்த்தான்.

"நீங்களா?" என்றான்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமாடா. நான்தான்."

"தப்பா எண்ணிட்டீங்களா?"

"ஆமா."

"முப்பத்தொரு வருஷம் எண்ணின ஆளு."

"ஆமா."

"ஏழு வாரமா..." அவன் படிவத்தை மேஜையில் போட்டான். "ஏழு வாரமா வண்டி ஓட்டிக்கிட்டே எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். அவர் யோசிச்சுத்தான்டா போட்டிருப்பாரு, உன்னை விட அவருக்குத்தான்டா வலின்னு. இன்னிக்குக் காலையிலதான் ஒரு வழியா நம்பினேன். எண்ணத் தெரியாமப் போட்டீங்களா? இருபது பேரை எண்ணத் தெரியலையா உங்களுக்கு?"

"கத்தாதேடா," என்றாள் படக்காரி.

"நீ சும்மா இரு. உனக்கு எப்பத் தெரியும் இது?"

"போன வாரம்."

"ஒரு வாரமா பூசி மெழுகிட்டு இருந்தியா?"

அப்பா குறுக்கே வந்தார். "அவளை ஏன்டா இழுக்கறே? அவ இதை நிறுத்தத்தான் ஓடிட்டு இருக்கா. வேற யாரும் என்னை மாதிரி எண்ணிடக் கூடாதுன்னு."

தம்பி தாளை வெளிச்சத்தில் பிடித்தான். மேலே நூறு, கீழே இருபது. அவனுக்கும் ஒரு பார்வைதான் தேவைப்பட்டது. முகம் மெல்ல மாறியது. கோபம் இன்னோர் ஆளைத் தேட ஆரம்பித்தது.

"இல்ல, பார்த்தா எவனும் ஏமாறுவான். நானே ஏமாந்திருப்பேன். எவன் போட்டான் இந்தப் படத்தை? உங்க ஆபீஸா?"

படக்காரியின் வாய் திறந்தது.

"ஆபீஸ்னா ஆறு பேர் இருக்காங்க, பத்து ஆஸ்பத்திரிக்குப் போடறாங்க," என்றார் அப்பா அவசரமாக. "யாருன்னு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாதா?" தம்பி அவளைத்தான் கேட்டான்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான்.

"விசாரிக்கணும்," என்றாள்.

அவன் தலையாட்டினான். நம்பிவிட்டான். அக்கா சொன்னால் நம்புகிற வழக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

"எத்தனை மணிக்கு அந்த மீட்டிங்?"

"மூணு. நீ தூங்குடா. நான் குடுத்துட்டு வந்துடறேன்."

"தூங்கறதா? நானும் வரேன். இவரும் வரட்டும். நேராப் போய் உட்கார்ந்து, இதைப் போட்டது யாருன்னு அந்த மேடத்தைக் கேக்கறேன். பேரைச் சொல்லாம அந்த ரூமை விட்டு நான் நகர மாட்டேன். சட்டை மாத்திட்டு வரேன், பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்டு வெளிய எடுக்கறேன். கிளம்புங்க."

அவன் உள்ளே போனான். இரும்பு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஹேங்கர் ஒன்று கீழே விழுந்தது.

மணி இரண்டேகால். குழு உட்கார்ந்ததும் முதலில் கேட்பது வரைந்தவர் யார் என்றுதான். படக்காரிக்கு அது தெரியும். எழுந்து நின்று கையைத் தூக்கியாக வேண்டும். தம்பி பக்கத்து நாற்காலியில் இருப்பான்.

"அப்பா, அங்க வெச்சு அவனுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும். அது அப்புறம்." அப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இப்ப ஒரு விஷயம் இருக்கு. அங்க என்னைக் கேள்வி கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க."

"எப்படி எண்ணுனீங்க, எங்க தவறுச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்ல வராதும்மா. பார்த்ததும் எனக்கு மொத்தம்தான் கண்ணுல படுது. எவ்வளவு முயற்சி பண்ணாலும் அதுதான் முதல்ல வருது." பழைய தாளை அவள் முன்னால் நகர்த்தினார். "அவன் வர்றதுக்குள்ள கொஞ்சம் சொல்லிக்குடு. எப்படித் தப்பா எண்ணுறது?"

படக்காரி தாளின் கீழ்ப் பாதியில் இருந்த வெள்ளை ஆட்களை உள்ளங்கையால் மூடினாள்.

"இவங்களைப் பார்க்கக் கூடாதுப்பா. கறுப்பா இருக்கறவங்களை மட்டும் பாருங்க."

அப்பா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி, குனிந்தார்.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு..."